வெயிட்டைத் தூக்கும் ரத்தம்

குக்கருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று யாரும் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் உள்ளே அழுத்தம் இருக்காது, நம் மேல் சாம்பார்தான் இருக்கும். ஆனாலும் அடுப்படியில் நிற்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது. மூடியின் நடுவில் ஒரு சின்னக் குழாய், அதன் தலையில் ஒரு வெயிட். உள்ளிருக்கும் ஆவி மேலே தள்ளுகிறது, வெயிட் கீழே அழுத்துகிறது. ஆவி தோற்றுக்கொண்டிருக்கும்வரை சத்தமில்லை. ஆவி ஜெயிக்கும் நொடியில் வெயிட் எழும்புகிறது, விசில் வருகிறது. வெயிட்டின் கனம் அதைச் செய்த கம்பெனிக்குத் தெரியும். ஆகவே விசில் வரும்போது உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதும் தெரியும். வீட்டுக் குக்கரில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ.

உள்ளே எதையும் விட்டுப் பார்க்கத் தேவையில்லை. கனம் தெரிந்த ஒன்றை வெளியே வைத்துவிட்டு, உள்ளிருப்பது எப்போது அதைத் தூக்குகிறது என்று கவனித்தால் போதும். கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கியதும் பிபி மெஷின் செய்வது இதைத்தான். பட்டைக்குள் ஏறும் காற்றுதான் வெயிட். முழங்கைக்கு மேலே, கையின் உட்புறமாக ஓடும் தமனிக்குள் இருக்கும் ரத்தம்தான் ஆவி.

அளவில் மட்டும் பெரிய வித்தியாசம். குக்கரின் அந்த ஒரு கிலோவை மருத்துவர்களின் கணக்குக்கு மாற்றினால் சுமார் 735 மி.மீ. பாதரசம் வரும். நம் ரத்தத்துக்கு 120 போதும், ஆறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய அழுத்தத்தை அளக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பேசினால் ஏறுகிறதே, காலை மடக்கினால் ஏறுகிறதே என்று பிறகு ஆச்சரியப்பட வேண்டியிருக்காது.

மூடியைத் திறந்தே பார்த்துவிட்ட ஒருவரும் சரித்திரத்தில் உண்டு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தமனியைத் திறந்து பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நெடிய கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தினார். ரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எழுதிவைத்தார். பாதரசக் கணக்கில் அது 190ஐத் தாண்டும். கட்டிப்போட்ட குதிரைக்கு வேறு எவ்வளவு காட்டும்? நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுக்க அதற்கு யாரும் அவகாசம் தரவில்லை. இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் தேவைப்பட்டால் தமனிக்குள் நேரடியாக ஊசியை ஏற்றித்தான் அழுத்தம் பார்க்கிறார்கள். மற்ற எல்லாருக்கும் வெயிட் வழிதான்.

அந்த வழியை எளிதாக்கியவர் இத்தாலியின் டூரின் நகரத்து மருத்துவர் ஸ்கிப்பியோனே ரிவா-ரோச்சி. 1896ல் சைக்கிள் ட்யூப் ரப்பரால் பட்டை செய்து, மேல்கையில் கட்டி, காற்றடித்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டார். காற்று ஏற ஏற ஒரு கட்டத்தில் நாடி நின்றது. காற்றை இறக்க, ஒரு கட்டத்தில் திரும்பி வந்தது. திரும்பி வந்த இடத்தில் பாதரசம் காட்டிய எண்தான் ரத்தம் வெயிட்டைத் தூக்கிய எண். இப்படிப் பார்த்தால் மேல் எண் மட்டுமே கிடைக்கும். கீழ் எண்ணுக்கு உலகம் இன்னும் ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1905ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிக்கொலாய் கொரொட்கோவ் என்ற ராணுவ மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஒரு பக்கம்கூட வராத சிறு அறிக்கை அது. நூறு வருஷத்துக்கும் மேலாக உலகத்து டாக்டர்கள் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அவர் காதில் விழுந்தது என்ன? இங்கே நம் குக்கரில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொள்ள வேண்டும். அடுப்பில் வெயிட் மாறாது, ஆவி மட்டும் ஏறும். கையில் இரண்டும் மாறுகின்றன. இதயம் சுருங்கும்போது ரத்தத்தின் அழுத்தம் உச்சிக்குப் போகிறது, தளரும்போது பள்ளத்துக்கு இறங்குகிறது. நிமிடத்துக்கு எழுபது தடவை போல இந்த ஏற்ற இறக்கம். ஒருவருக்கு உச்சி 120, பள்ளம் 80 என்று வைத்துக்கொள்வோம். பட்டையில் 160 வரை காற்றடித்தாகிவிட்டது. வெயிட் அசையாது. தமனி நசுங்கி மூடிக் கிடக்கிறது, அதன் வழியே ரத்தம் போகவில்லை, சத்தமும் இல்லை. இப்போது வெயிட்டின் கனத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறோம், நொடிக்கு இரண்டு மூன்று மி.மீ. வீதம். 150, 140, 130. ஒன்றுமில்லை. 120க்கு வந்ததும், ரத்தத்தின் அழுத்தம் உச்சிக்குப் போகும் அந்த ஒரு கணம் மட்டும் வெயிட் எழும்புகிறது. மூடிக் கிடந்த குழாய் திறந்து, ஒரு துளி ரத்தம் பிதுங்கிப் பாய்கிறது. 'டப்'. உடனே வெயிட் மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. அடுத்த துடிப்பில் மறுபடி 'டப்'. 100க்கு இறங்கும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெயிட் இன்னும் அதிக நேரம் தூக்கி நிற்கிறது. 80க்கு வந்ததும் பள்ளத்தில் இருக்கும் ரத்தமே வெயிட்டைத் தாங்கிக்கொள்கிறது. அதன்பின் குழாய் மூடுவதே இல்லை. மூடித் திறந்தால்தானே சத்தம்? சத்தம் அடங்கிவிடுகிறது. முதல் 'டப்' கேட்ட இடம் மேல் எண், கடைசி 'டப்' மறைந்த இடம் கீழ் எண்.

இதுவரை சொன்னது டாக்டரின் காது. வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றுக்குக் காது கிடையாது.

குக்கர் விசிலடிப்பதற்குச் சற்று முன்பு கவனித்திருப்பீர்கள். வெயிட் எழும்பாது, ஆனால் லேசாக நடுங்க ஆரம்பிக்கும். ஓரத்தில் ஆவி கசியும். கரண்டிக் காம்பை அதன் மேல் வைத்தால் அந்த நடுக்கம் விரலுக்கு ஏறும். காது சரியாகக் கேட்காத பாட்டிகூட இப்படித் தொட்டுப் பார்த்தே அடுப்பைக் குறைத்துவிடுவார். வீட்டு மெஷின் அந்தப் பாட்டியின் கட்சி. பட்டைக்குள் இருக்கும் காற்றை ஒரு சென்சார் தொட்டுக்கொண்டே இருக்கிறது. தமனி துடிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் காற்று ஒரு மயிரிழை நடுங்குகிறது. பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. பாதரச அளவுக்குத்தான். காற்று இறங்க இறங்க, எந்தக் கனத்தில் எவ்வளவு நடுக்கம் என்று மெஷின் குறித்துக்கொண்டே வருகிறது. திரையில் இதயக் குறி ஒன்று விட்டுவிட்டு மின்னுகிறதே, அநேக மெஷின்களில் அது இந்த நடுக்கத்தைப் பிடித்ததற்கான அடையாளம்.

கனம் மிக அதிகமாக இருக்கும்போது நடுக்கம் சிறிது. குறையக் குறைய நடுக்கம் பெருகி, ஓர் இடத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு சிறுத்துவிடுகிறது. நடுக்கம் மிகப் பெரிதாக இருக்கும் அந்த இடம்தான் ரத்த அழுத்தத்தின் சராசரி. மெஷின் கிட்டத்தட்ட நேராக அளப்பது இந்த ஒன்றை மட்டுமே. 120க்கு 80 உள்ளவருக்கு அது சுமார் 93. (நடுவில் 100 வர வேண்டாமா என்று கேட்பீர்கள். இதயம் சுருங்கியிருக்கும் நேரத்தைவிடத் தளர்ந்திருக்கும் நேரம் அதிகம், அதனால் சராசரி கீழ்ப்பக்கம் சாய்கிறது.) ஆனால் திரையில் 93 வருவதில்லை, 120ம் 80ம் வருகின்றன. அவை எங்கிருந்து வந்தன? கணக்குப் போட்டு வந்தன. கனமான பக்கத்தில், நடுக்கம் உச்சத்தில் சுமார் பாதியாக இருந்த இடம் மேல் எண். இலகுவான பக்கத்தில், நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேலே இருந்த இடம் கீழ் எண். இந்தப் பங்கு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் பல வீட்டுச் சண்டைகள் தீர்ந்துவிடும். "நம்ம மெஷின்ல 134 காட்டுது, பக்கத்து வீட்டுல 129 காட்டுதே, எது பொய்?" இரண்டும் பொய்யில்லை. ஒரே நடுக்கத்தை இரண்டு கணக்குகளில் போட்டிருக்கிறார்கள். ஒரு மெஷினைச் சோதித்துச் சான்று தருவதற்கான சர்வதேச விதியே இந்த இடைவெளியை ஒப்புக்கொள்கிறது. குறைந்தது 85 பேரிடம் அளந்து பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்ட எண்ணுக்கும் மெஷின் சொல்லும் எண்ணுக்கும் சராசரி வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தேறாது. ஆகவே நேற்று 126, இன்று 129 என்பது ஒரு செய்தியே இல்லை. அதற்காக மதியச் சாப்பாட்டில் ரசத்தை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றும் இதிலிருந்து வருகிறது. மெஷின் பிடிப்பது மயிரிழை நடுக்கம். நீங்கள் கையை அசைத்தாலும் பட்டை நடுங்கும், விரலை மடக்கினாலும் நடுங்கும், இருமினாலும் நடுங்கும். எது ரத்தம், எது தசை என்று பிரித்துப் பார்க்க அது படாதபாடு படுகிறது. முடியாமல்போனால் எர்ரர் என்று சொல்லிவிடுகிறது, அது நல்லது. சில நேரம் சொல்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது. இதயத் துடிப்பே ஒழுங்கில்லாமல் போகும் நோய் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பின் நடுக்கமும் வேறு வேறு அளவில் இருக்கும், கணக்கு தடுமாறும். அவர்கள் ஒரே அமர்வில் மூன்று முறையாவது பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லை என்ற குறி திரையில் அடிக்கடி வந்தால், நோய் இல்லாதவர்களும் டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

மெஷினின் கதை இவ்வளவுதான். மீதிக் கோளாறெல்லாம் வெயிட்டை வைக்கும் விதத்திலும் அடுப்பை எரியவிடும் விதத்திலும் இருக்கிறது.

முதலில் வெயிட். மெஷின் வாங்கும்போது நினைவகம், புளூடூத், பேசும் குரல் என்று விசாரிக்கிறோம். பட்டையின் அளவை யாரும் கேட்பதில்லை. பெட்டியோடு வரும் பட்டையின் மேல் 22–32 செ.மீ. என்றோ 22–42 செ.மீ. என்றோ அச்சிட்டிருக்கும். அது உங்கள் மேல்கையின் சுற்றளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சின்னப் பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் என்ன ஆகும்? பட்டையின் அழுத்தம் தமனிவரை முழுதாகப் போய்ச் சேராது, பாதி சதையிலேயே செலவாகிவிடும். தமனியை மூட இன்னும் காற்றடிக்க வேண்டும். அந்த உபரிக் காற்றையும் மெஷின் ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடும். இது எவ்வளவு பெரிய பிழை என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023ல் அளந்து காட்டினார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 124 உள்ள ஆள் நோயாளியாகி மாத்திரைக்குள் விழுந்துவிடுவார். அதற்கு நேர்மாறாக, மெலிந்த கையில் பெரிய பட்டை குறைத்துக் காட்டும்.

பட்டை வெற்றுக் கையில் இருக்க வேண்டும். முழுக்கைச் சட்டையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. சுருட்டிய துணி அதற்கும் மேலே இன்னொரு பட்டையாக இறுக்கும், அது தப்பு. ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தாலும் அதே கதைதான். கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுத்துவிடுவதே சுலபம். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். ரப்பர் குழாய் புறப்படும் இடமோ அம்புக்குறியோ கையின் உட்பக்கத் தமனிக்கு நேராக வரட்டும். சுற்றிய பின் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும், அதற்கு மேல் தொளதொளக்கக் கூடாது.

அடுத்தது கை இருக்கும் உயரம். பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், கை எதன் மேலாவது ஓய்ந்து கிடக்க வேண்டும். சாப்பாட்டு மேசை அநேகமாகச் சரியாக இருக்கும், தாழ்வாக இருந்தால் ஒரு தலையணை. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2024ல் இதையும் பார்த்தார்கள். கையை மடியில் வைத்து அளந்தபோது மேல் எண் சுமார் 4 கூடியது, பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 கூடியது. நம் ஊர் கிளினிக்குகளில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து, தொங்கும் கையில் பட்டை கட்டிக்கொண்ட அனுபவம் யாருக்கு இல்லை? மணிக்கட்டில் கட்டும் மெஷினில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மேல்கை தோளோடு ஒட்டியது, எப்படித் தொங்கவிட்டாலும் இதயத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது. மணிக்கட்டு அப்படியல்ல. அது 10 செ.மீ. தாழ்ந்தால் ஏறத்தாழ 8 மி.மீ. கூடிவிடும், மடியில் கிடந்தால் அதற்கும் மேல். மேல்கையில் பட்டை சுற்ற முடியாத அளவுக்குக் கை பருத்தவர்களைத் தவிர மற்றவர்கள் மணிக்கட்டு மெஷினை வாங்க வேண்டாம் என்பேன். போன் கேமராவில் விரலை வைத்தால் பிபி சொல்லும் செயலிகளைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. அங்கே வெயிட்டே இல்லை.

அடுப்பைப் பற்றி. இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிபி உண்டு. தூங்கும்போது பத்து முதல் இருபது சதவீதம் இறங்குகிறது, விழிக்கும்போது ஏறுகிறது. மாடி ஏறினால் ஏறுகிறது. மருமகனிடம் போனில் பேசினாலும் ஏறுகிறது. இந்த ஒரு லட்சத்தில் நாம் பார்ப்பது நாலு. அந்த நாலும் தீ எப்போதும் ஒரே அளவில் எரியும் நேரத்தில் எடுத்ததாக இருந்தால்தான் இன்றையதை நாளையோடு ஒப்பிட முடியும். விதிமுறைகள் எல்லாம் அதற்காகத்தான், உங்களுக்கு நல்ல எண் வர வேண்டும் என்பதற்காக அல்ல.

ஆகவே காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், நிறைந்த சிறுநீர்ப்பையே எண்ணைக் கூட்டும். காபி அப்புறம்தான். காபி, சிகரெட், நடைப்பயிற்சி இவற்றுக்குப் பின் அரை மணி நேரமாவது போக வேண்டும் என்பது விதி. காபி இல்லாமல் விடியாதவர்கள் முதலில் அளந்துவிட்டு டபராவைத் தொடலாம். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். நேற்றுப் போட்ட மாத்திரை இருபத்து நாலு மணி நேரம் தாக்குப்பிடித்ததா என்பது அந்த நேரத்தில்தான் தெரியும். முதுகு சாய நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்க்கக் கூடாது.

இந்த ஐந்து நிமிடம்தான் நம் வீடுகளில் கிடைக்காத பொருள். பட்டை கட்டியதும், "என்னங்க, எவ்ளோ காட்டுது?" என்று ஒரு குரல் சமையலறையிலிருந்து வரும். "இருடி, இப்பதான் ஏறுது" என்று இவர் பதில் சொல்வார். அந்தப் பதில்தான் ஏறும். பேசிக்கொண்டே அளந்தால் பத்துப் புள்ளி வரைக்கும் கூடலாம். டிவியை நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். திரையில் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. பார்ப்பதே சிலருக்கு ஏற்றிவிடுகிறது.

ஒரு முறை அளந்ததும் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் கூடுதலாகவே வரும். பட்டை இறுக்கியதும் உடம்பு கொஞ்சம் திடுக்கிடுகிறது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில், சாப்பாட்டுக்கு முன் அல்லது படுக்கப் போகும் முன், மறுபடி இரண்டு. இப்படி ஏழு நாள். முதல் நாளுடையதைத் தள்ளிவிட்டு மீதி 24 எண்களுக்குச் சராசரி. டாக்டருக்குத் தேவை அந்தச் சராசரிதான். ஏழு நாள் முடியாவிட்டால் மூன்று நாளாவது பாருங்கள். அளவு நிலையாக இருப்பவர்கள் தினமும் பார்க்க வேண்டியதில்லை, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்திய வாரம் பார்த்தால் போதும். சிலர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பட்டை கட்டுகிறார்கள். அவர்களிடமிருந்து மெஷினைக் கொஞ்ச நாள் ஒளித்துவைப்பது நல்ல வைத்தியம்.

எழுதும்போது வந்ததை வந்தபடி எழுத வேண்டும். 137 என்பதை 135 ஆக்குவது, கூடுதலாக வந்ததை 'அது டென்ஷன்ல வந்தது' என்று விட்டுவிடுவது, இதெல்லாம் டாக்டரை ஏமாற்றுவதல்ல, கணக்கைக் கெடுப்பது. மெஷினின் நினைவகத்தில் எல்லாம் பதிவாகும் என்றாலும், ஒரே மெஷினைக் கணவனும் மனைவியும் பயன்படுத்தும் வீட்டில் இருவர் எண்ணும் கலந்துகிடக்கும். ஒரு டைரியில் தேதி, நேரம், மூன்று எண்கள் போதும். மூன்றாவது, நாடித்துடிப்பு.

எந்தக் கையில் பார்ப்பது? முதல் முறை இரண்டிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அதுவே இனி உங்கள் கை. இரண்டுக்கும் இடையே மேல் எண்ணில் 10, 15 என்று வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு பக்கத் தமனியில் அடைப்பு இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கமும், டயாலிசிஸ் இணைப்பு வைத்த கையும் வேண்டாம். வயதானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எழுந்து நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு தரமும், மூன்று நிமிடம் கழித்து ஒரு தரமும் பார்ப்பது நல்லது. மேல் எண் 20 இறங்கினால், தலைசுற்றி விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு எல்லா மெஷினும் ஒத்துவராது. அவர்களிடம் தனியே சோதித்துத் தேறியதைத்தான் வாங்க வேண்டும்.

சராசரி வந்தாயிற்று. எதோடு ஒப்பிடுவது? மருத்துவமனையில் 140க்கு 90 என்பது எல்லைக்கோடு. வீட்டில் அதற்கு இணையான கோடு 135க்கு 85. ஐந்து ஐந்து குறைவு, ஏனென்றால் வீட்டில் உடம்பு அமைதியாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. அமெரிக்கர்கள் 2017ல் இருந்து இரண்டு இடத்திலும் 130க்கு 80 என்கிறார்கள். உங்களுக்கான இலக்கு எது என்பதை வயதையும் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

வீட்டு எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை? ஜப்பானில் ஒஹாசாமா என்ற சிற்றூர் மக்களிடம் வீட்டு மெஷின்களைக் கொடுத்து 1980களிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் கிளினிக்கில் எடுத்த அளவைவிட வீட்டில் எடுத்த சராசரி துல்லியமாகச் சொன்னது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். டாக்டர் முன்னால் மட்டும் 150 ஏறி, வீட்டில் 125 இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவையில்லாத மாத்திரை போகும். இதற்கு நேரெதிர் ரகம் இன்னும் மோசம். டாக்டர் முன் 130, வீட்டிலும் ஆபீஸிலும் 150. நல்ல பிள்ளையாகத் தேறி வெளியே வந்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. இவர்களைப் பிடிக்க வீட்டுப் பட்டைதான் வழி, அல்லது 24 மணி நேரமும் கட்டிக்கொள்ளும் பட்டை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வருகிறார்கள். மெஷின் வாங்க வசதியில்லாதவர்கள் அவர்களிடம் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் வந்ததும் வாசற்படியில் நின்றபடி கையை நீட்டிவிடாமல், உள்ளே கூப்பிட்டு, உட்கார்ந்து, ஐந்து நிமிடம் கழித்து.

குக்கர் உதாரணம் ஓர் இடத்தில் கைகொடுக்காது. குக்கரில் அழுத்தம் எல்லை மீறினால் விசிலடிக்கும். அதுவும் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு உருகி வழிவிடும். உடம்பில் விசிலும் இல்லை, வால்வும் இல்லை. 170 உள்ள மனிதர் நன்றாகத் தூங்கி எழுந்து, பேப்பர் படித்து, "எனக்குத் தலைவலி ஒண்ணும் இல்லையே" என்கிறார். தலைவலி வந்தால்தான் பிபி என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையில் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அளந்தால் ஒழியத் தெரியாது. அளந்து நார்மல் வந்தால், அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம், மாத்திரை வேண்டாம் என்பதன் அடையாளமில்லை.

மெஷினை வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப் போய் அவருடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு நாள் திடீரென்று 180க்கு 120ஐத் தாண்டிக் காட்டினால், உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத பட்சத்தில், பட்டையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108க்குப் போன் போடுங்கள். மூன்றாம் தடவை பட்டை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.